கஸ்டமர் ஏன் அந்த பிராண்டையே வாங்குறாங்க? ஏஜென்சி சொன்ன காரணத்தை நம்பலாமா?

கேள்வி:

அண்ணா வணக்கம். தஞ்சாவூர் பக்கம் ஒரு டவுன்ல அப்பா காலத்துல இருந்து காபி கொட்டை வறுத்து அரைச்சு விக்கிறோம். கடையில நேரா வந்து அரைச்சு வாங்கிட்டு போறவங்க பாதி, சுத்துப்பட்டு மளிகை கடைங்களுக்கு நாங்க போடற பாக்கெட் பாதி. 80க்கு 20 சிக்கரி, இத்தனை வருஷமா அதே கலவைதான். போன ஏப்ரல்ல இருந்து மொத்த சேல்ஸ் கால்வாசி குறைஞ்சிருச்சு. எங்க பார்த்தாலும் ஒரு பெரிய பிராண்ட் பாக்கெட்தான் தொங்குது. திருச்சியில ஒரு மார்க்கெட்டிங் ஏஜென்சிகிட்ட போனோம், அவங்க ஒரு ரிப்போர்ட் குடுத்தாங்க. கடை வாசல்ல 80 பேர்கிட்ட ஏன் அந்த பிராண்ட் வாங்குறீங்கன்னு கேட்டதுல பாதிக்கு மேல டேஸ்ட்னு சொல்லிருக்காங்க. சந்தையில ஸ்டால் போட்டு சின்ன கப்புல ரெண்டு காபியும் குடுத்ததுல அவங்களது ஜெயிச்சிருக்கு. அந்த பிராண்டோட நடிகர் விளம்பரம் வந்த அப்புறம்தான் நம்ம சேல்ஸ் இறங்குச்சாம், அவங்க கஸ்டமர் விசுவாசமானவங்க நம்ம ஆளுங்க மாத்தி மாத்தி வாங்குறாங்களாம், அப்புறம் சிவப்பு பாக்கெட்தான் விக்குமாம். அதனால சிக்கரியை ஏத்தணும், பாக்கெட்டை மாத்தணும், விளம்பரம் பண்ணணும், எல்லாம் சேர்த்து 7 லட்சம் ஆகும்ங்கறாங்க. செய்யலாமா? கடை கடையா பாக்கெட் போட லைனுக்கு போயிட்டு இருந்த பையன் மார்ச்ல நின்னுட்டான், கடைக்காரங்க போன் பண்ணா நானே பைக்ல கொண்டு போய் குடுக்கறேன், உட்கார்ந்து யோசிக்கக்கூட நேரமில்லண்ணா.

பதில்:

தம்பி வணக்கம். கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், இப்போதைக்கு ஒரு ரூபா கூட அட்வான்ஸ் குடுக்காதீங்க, முக்கியமா கலவையில கை வைக்காதீங்க. ஏஜென்சிக்காரங்க ஏமாத்துறாங்கன்னு நான் சொல்லல, வெயில்ல நின்னு 80 பேர்கிட்ட பேசறது லேசான வேலை இல்ல. ஆனா அவங்க கண்ணால பார்த்தது ஒண்ணு, அதை வச்சு எழுதின முடிவு வேற ஒண்ணு. மார்க்கெட் ரிசர்ச் வேலையில இருக்கறவன்ங்கற முறையில இந்த விஷயத்துல எனக்கு நெஜமாவே ஆத்திரம் வரும், ஏன்னா பெரிய கம்பெனி இப்படி ஒரு தப்பான காரணத்தை நம்பி பணத்தை விட்டா அடுத்த வருஷம் எந்திரிச்சிரும், உங்களை மாதிரி குடும்ப யாவாரத்துக்கு அது முடியாது.

உங்க லெட்டர்லயே ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, "இத்தனை வருஷமா அதே கலவைதான்"னு. அப்போ ஏப்ரல்ல சேல்ஸ் இறங்கினதுக்கு உங்க டேஸ்ட் எப்படி காரணமாகும்? இத்தனை வருஷமா மாறாம இருக்கற ஒண்ணு திடீர்னு நடந்த மாற்றத்துக்கு காரணம்னு சொன்னா கூடவே வேற எதாவது மாறிருக்கணும், ஒண்ணு எதிராளி அவங்க கலவையை மாத்திருக்கணும், இல்ல உங்க பவுடர் ஜனங்க கைக்கு போய் சேர்றப்போ முன்ன மாதிரி இல்லாம போயிருக்கணும். ரிப்போர்ட்ல இந்த ரெண்டையும் யாரும் தேடவே இல்ல. அது போக டேஸ்ட், நடிகர், சிவப்பு கலர்னு மூணு காரணம் சொல்றாங்களே, டேஸ்ட்டுக்காகத்தான் வாங்குறாங்கன்னா கலரை ஏன் மாத்தணும், நடிகரை பார்த்துதான் வாங்குறாங்கன்னா சிக்கரியை ஏன் ஏத்தணும்? மூணுமே கொஞ்சம் கொஞ்சம் உண்மையா இருக்கலாம்தான், ஆனா எது எவ்வளவுன்னு பிரிச்சு பார்க்காம மூணுக்கும் பில் போட்டிருக்காங்க.

சரி, அந்த 80 பேர் சொன்ன "டேஸ்ட்"டுக்கு வருவோம், இதை கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. ஏன் வாங்குறீங்கன்னு கேட்டா ஜனங்க பொய் சொல்ல மாட்டாங்க, ஆனா அவங்களுக்கே உண்மையான காரணம் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல. அமெரிக்காவுல நிஸ்பெட், வில்சன்னு ரெண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளருங்க 1977ல எழுதின ஒரு கட்டுரையில இதை அழகா காட்டிருக்காங்க. கடையில ஒரு டேபிள் மேல பொம்பளைங்க போடற நைலான் ஸ்டாக்கிங்ஸ் நாலு ஜோடி வரிசையா வச்சு இதுல எது நல்லா இருக்குன்னு கேட்டாங்க. நாலும் ஒரே சரக்கு, ஒரு நூல் வித்தியாசம் கிடையாது. ஆனா இடது பக்கம் இருந்ததை 12 சதவீதம் பேர், அடுத்ததை 17, அதுக்கடுத்ததை 31, வலது கடைசியில இருந்ததை 40 சதவீதம் பேர் எடுத்தாங்க. ஏன்னு கேட்டா நெசவு நல்லா இருக்கு, மெல்லிசா இருக்கு, வேலைப்பாடு நல்லா இருக்குன்னு காரணம் சொன்னாங்க. வச்ச இடம்தான் காரணம்னு ஒருத்தர் கூட தானா சொல்லல, இடத்தை பார்த்து எடுத்திருப்பீங்களோன்னு கேட்டப்பவும் கிட்டத்தட்ட எல்லாரும் இல்லவே இல்லன்னுட்டாங்க.

இப்போ உங்க ஊர் மளிகை கடையை நினைச்சு பாருங்க. மாசம் பொறந்தா வீட்டுக்காரம்மா லிஸ்ட் அனுப்புறாங்க, லிஸ்ட்ல "காபித்தூள் அரை கிலோ"ன்னு மட்டும்தான் இருக்கு, அண்ணாச்சி கைக்கு எட்டற இடத்துல எது தொங்குதோ அதை பிச்சு பையில போடறாரு. ஆறு மாசம் அதையே குடிச்சா நாக்கு பழகிரும். அப்புறம் ஒருத்தர் பேடோட வந்து ஏன்மா இந்த பிராண்ட்னு கேட்டா என்ன சொல்லுவாங்க? டேஸ்ட்னுதான் சொல்லுவாங்க, அது அவங்களுக்கு உண்மையும் கூட. ஆனா ஆரம்பிச்சு வச்சது டேஸ்ட் இல்ல. அப்புறம் இன்னொண்ணு, அந்த பிராண்டை கையில வச்சிருக்கறவங்ககிட்ட மட்டும்தான் கேட்டிருக்காங்க. உங்ககிட்ட வாங்கிட்டு இருந்து நிறுத்தினவங்க ஒருத்தர்கிட்டயாவது பேசினாங்களா? சேல்ஸ் குறைஞ்சதுக்கு காரணம் தெரியணும்னா அவங்கதான் முக்கியமான சாட்சி, அவங்க ரிப்போர்ட்லயே இல்ல.

பேரை பார்த்தா டேஸ்ட்டே மாறும்ங்கறதும் பழைய சங்கதி. 1964லயே அலிசன், யூல்னு ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளருங்க 300 பேருக்கு மேல பீர் குடிக்கறவங்களுக்கு லேபிள் இல்லாத பாட்டிலை வீட்டுக்கே குடுத்து மார்க் போட சொன்னாங்க, வழக்கமா குடிக்கற பிராண்ட் எதுன்னு அவங்களால கண்டுபிடிக்க முடியல, எல்லாத்துக்கும் ஏறக்குறைய ஒரே மார்க். அடுத்த தடவை லேபிளோட குடுத்தப்போ தன்னோட பிராண்டுக்கு மார்க் ஏறிருச்சு. அதனால டேஸ்ட்னு ஒருத்தர் சொன்னா அதுல நாக்கு எவ்வளவு, பேரு எவ்வளவு, பழக்கம் எவ்வளவுன்னு அந்த ஒரு சொல்லை வச்சு தெரியாது.

அப்போ பேரை மறைச்சு ஸ்டால்ல குடுத்தாங்களே அதுல நம்மளது தோத்துச்சேன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி, ஆனா அந்த டெஸ்ட் எப்படி நடந்துச்சுன்னு தெரியாம அதை ஒத்துக்க முடியாது. உங்க பவுடரை எங்க இருந்து எடுத்தாங்க, உங்க மிஷின்ல அன்னைக்கு அரைச்சதா இல்ல ஏதாவது கடையில ரெண்டு மாசமா தொங்கின பாக்கெட்டா? டிகாஷன் ரெண்டுக்கும் ஒரே அளவு போட்டு ஒரே நேரம் இறங்க விட்டாங்களா? பால் ஒரே பாலா? எல்லாருக்கும் அவங்க கப்பை முதல்ல குடுத்தாங்களா, மாத்தி மாத்தி குடுத்தாங்களா? கப்பு மேல என்ன எழுதிருந்துச்சு? இது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. 1975ல பெப்சிக்காரங்க டல்லாஸ்ல ஆரம்பிச்ச குடிச்சு பார்க்கற போட்டியில பேருக்கு பதிலா கோக் கிளாஸ்ல க்யூன்னும் (Q) பெப்சி கிளாஸ்ல எம்னும் (M) போட்டிருந்தாங்க, ஜனங்களுக்கு க்யூவை விட எம் எழுத்துதான் பிடிக்குதுன்னு கோக் கம்பெனி அப்பவே சண்டைக்கு வந்துச்சு.

அதோட பெரிய விஷயம் அந்த சின்ன கப். சிக்கரி தூக்கலா இருந்தா டிகாஷன் கருப்பா கெட்டியா இறங்கும், சக்கரை போட்ட பால்ல ஊத்தினா முதல் மடக்குலயே ஆளை தூக்கும். அதையே வீட்டுல காலையில டம்ளர் நிறைய, தினமும், ஒரு மாசம் குடிக்கறப்போ அதே மாதிரி பிடிக்கும்னு சொல்ல முடியாது. இந்த வித்தியாசத்தை கவனிக்காம போனதுல உலகமே பார்க்க அடி வாங்கினது கோகோ கோலாதான். ஏறக்குறைய 2 லட்சம் பேருக்கு குடிக்க குடுத்து பார்த்தாங்க, கொஞ்சம் இனிப்பு கூடின புது ஃபார்முலா பழசையும் ஜெயிச்சது பெப்சியையும் ஜெயிச்சது. 1985 ஏப்ரல் 23ம் தேதி நியூ கோக்னு இறக்கி பழசை நிறுத்தினாங்க. ஜனங்க கொதிச்சு போய் போன் மேல போன், லெட்டர் மேல லெட்டர், ஜூலை 11ம் தேதி பழசு திரும்ப வருதுன்னு கம்பெனியே அறிவிச்சிருச்சு. ரெண்டு லட்சம் பேர்கிட்ட கேட்டதுல எண்ணிக்கை குறையவே இல்ல, கேட்ட கேள்விதான் குறை. எது இனிப்பா நல்லா இருக்குன்னு கேட்டாங்களே தவிர, நீங்க காலங்காலமா குடிக்கறதை எடுத்துட்டு இதை வச்சா ஒத்துக்குவீங்களான்னு தெளிவா கேக்கல. உங்க ஏஜென்சியும் அதையேதான் கேக்காம விட்டிருக்கு. இன்னைக்கும் 80க்கு 20தான் வேணும்னு உங்க கடை படியேறி வர்ற அந்த பாதி பேர்கிட்ட சிக்கரியை ஏத்திட்டு என்ன சொல்லுவீங்க? சட்டப்படி காபி 51 சதவீதத்துக்கு கீழ போகக்கூடாது, எவ்வளவு காபி எவ்வளவு சிக்கரின்னு பாக்கெட் மேலயே போட்டாகணும், அதனால மாத்தினது அவங்களுக்கு தெரியாமயும் இருக்காது.

மத்த மூணையும் சுருக்கமா முடிச்சிடறேன். சிவப்பு பாக்கெட் விக்கும்ங்கறது ஓடற பிராண்டை மட்டும் பார்த்து சொல்றது, சிவப்பு பாக்கெட்ல வந்து ஓடாம போனதெல்லாம் கடையிலயே இல்ல, அதை எண்ணவே இல்ல. விசுவாசம்னு சொல்றாங்களே, அது பெரும்பாலும் சைஸோட விளைவு. ஆண்ட்ரூ எஹ்ரன்பெர்க்னு ஒரு ஆராய்ச்சியாளர் வாழ்நாள் பூரா பல சரக்குல இதை பார்த்தவரு, சின்ன பிராண்டுக்கு வாங்கறவங்களும் கம்மி, அந்த வாங்கறவங்க திரும்ப வாங்கறதும் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும், பெரிய பிராண்டுக்கு ரெண்டுமே கூட. எல்லா கடையிலயும் கிடைக்கறது மாறாம வாங்கப்படுது, பாதி கடையில கிடைக்காதது மாத்தி மாத்தி வாங்கப்படுது. அதனால விசுவாசம் இருக்கறதாலதான் அவங்க பெருசா இருக்காங்கன்னு சொல்றது காரணத்தையும் விளைவையும் தலைகீழா போடறது. விளம்பரம் வந்தப்புறம் சேல்ஸ் இறங்குச்சுங்கறதுல ஒரு தேதிக்கு அப்புறம் இன்னொரு தேதி வந்திருக்குங்கறதை தவிர ஒண்ணுமில்ல. ஏப்ரல்னா வெயில், பள்ளிக்கூட லீவு, பாதி வீடு ஊருக்கு போயிருக்கும், போன வருஷ ஏப்ரலோட ஒப்பிட்டாங்களா இல்ல மார்ச்சோடயான்னு கேளுங்க. கொட்டை விலையேத்தத்துல நீங்க எப்போ விலை ஏத்தினீங்க, பெரிய பிராண்ட் எப்போ ஏத்துச்சு, அந்த தேதியையும் பக்கத்துல எழுதி பாருங்க. 2024ல ரோபஸ்டா உலக மார்க்கெட்லயே வரலாறு காணாத விலைக்கு போச்சு, எல்லாருமே ஏத்துனாங்க, ஆனா எல்லாரும் ஒரே மாசத்துல ஏத்தல.

இப்போ நான் சந்தேகப்படறதுக்கு வர்றேன். கடைசி வரியில போற போக்குல எழுதிருக்கீங்களே, லைன் பையன் மார்ச்ல நின்னுட்டான்னு. ஏப்ரல்ல சேல்ஸ் இறங்கிருக்கு. இதை ஏஜென்சிகிட்ட சொன்னீங்களான்னு தெரியல, ரிப்போர்ட்ல இருக்கற மாதிரி தெரியல. வாரத்துக்கு ஒரு தடவை ஒருத்தன் கடைக்கு போனா என்ன நடக்கும்? பழைய பாக்கெட்டை எடுத்துட்டு புதுசு வைப்பான், சரத்தை முன்னாடி இழுத்து தொங்க விடுவான், கடைக்காரர் கேக்காமலே அரை டஜன் தள்ளிட்டு வருவான், பழைய பாக்கியை வசூல் பண்ணுவான். அவன் போகலன்னா தீர்ந்து போன பாக்கெட்டுக்காக எந்த கடைக்காரர் உங்களுக்கு போன் போடுவாரு, பக்கத்துலயே இன்னொண்ணு தொங்குறப்போ? நாலு பேர் போடலாம், மத்தவங்க போட மாட்டாங்க. மிச்சம் இருக்கற கடையில உங்க பாக்கெட் மெதுவா நகரும், அரைச்ச பவுடர் வாரக்கணக்குல கிடந்தா வாசனை போயிரும், வாங்கி குடிச்சவங்க என்னடா இது முன்ன மாதிரி இல்லையேன்னு நினைப்பாங்க. அப்போ "டேஸ்ட்"ங்கற பதிலும் உண்மையாகவே இருக்கும், ஆனா அதுக்கு மருந்து சிக்கரி இல்ல, புதுசா அரைச்ச பாக்கெட்.

ஆனா தம்பி, நான் சொல்றதும் இப்போதைக்கு ஊகம்தான். மார்ச்க்கு அப்புறம் ஏப்ரல்ங்கறதால மட்டும் நான் சொல்றது சரின்னு எடுத்துக்கிட்டா விளம்பரத்தை காரணம்னு சொன்ன ஏஜென்சிக்கும் எனக்கும் வித்தியாசமே இல்ல. அதனால ரெண்டு காரணமும் எங்க வேற வேற விடை குடுக்கும்னு பார்க்கணும், அதுக்கு சர்வே வேண்டாம், உங்க பில் புக்கே போதும். மொத்த சேல்ஸ்னு பார்க்காம கவுண்டர் சேல்ஸை தனியா லைன் சேல்ஸை தனியா பிரிங்க, பணத்துல எழுதாதீங்க கிலோவுல எழுதுங்க, ஏன்னா விலை ஏத்தினதுல கணக்கு மறைஞ்சிரும். மாசம் மாசமா, இந்த வருஷமும் போன வருஷமும் பக்கத்துல பக்கத்துல. உங்க கலவை ஜனங்களுக்கு பிடிக்காம போச்சுன்னா, இல்ல நடிகர் விளம்பரம் இழுத்துட்டு போச்சுன்னா, கவுண்டரும் இறங்கிருக்கணும், லைனும் இறங்கிருக்கணும், ஏன்னா டிவி ரெண்டு பேர் வீட்டுலயும்தான் ஓடுது. கவுண்டர் அப்படியே நின்னு லைன் மட்டும் விழுந்திருந்தா டேஸ்ட்டு கதையும் விளம்பர கதையும் ரொம்ப பலவீனமாயிரும். லைன்லயும் ஒவ்வொரு கடையா பாருங்க, நீங்க பைக்ல விடாம கொண்டு போய் குடுக்கற கடையிலயும் விழுந்திருக்கா, இல்ல நீங்க போகாத கடையில மட்டும் விழுந்திருக்கா? கவுண்டரும் சேர்ந்து விழுந்திருந்தா நான் சொன்னது தப்பு, அப்போ விலை தேதியை எடுத்து வச்சு பார்க்கணும், கடை பக்கத்துல புதுசா யாராவது அரைக்க ஆரம்பிச்சிருக்காங்களான்னும் பார்க்கணும்.

ஒரு நாள் ஒதுக்கி பத்து பதினஞ்சு கடைக்கு நேர்ல போங்க. சரக்கு குடுக்க போகாதீங்க, பார்க்க மட்டும் போங்க. உங்க பாக்கெட் இருக்கா, எங்க தொங்குது, பேக்கிங் தேதி என்ன, எதிராளி ஆள் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வர்றான், கடைக்காரருக்கு எவ்வளவு மார்ஜின் விடறான், எத்தனை நாள் கடன் குடுக்கறான். பழைய தேதி பாக்கெட் ஒண்ணை காசு குடுத்து வாங்கிட்டு வந்து வீட்டுல அன்னைக்கு அரைச்சதோட வச்சு அம்மாகிட்ட காபி போட்டு குடுக்க சொல்லுங்க, எது எதுன்னு உங்களுக்கு தெரிய வேண்டாம்.

நிறுத்தினவங்களை கண்டுபிடிச்சு பேசுங்க, ஆனா ஏன்னு கேக்காதீங்க. கடைசியா எப்போ காபித்தூள் வாங்குனீங்க, எந்த கடை, யாரு போய் வாங்கினாங்க, நம்ம பாக்கெட் அன்னைக்கு அங்க இருந்துச்சா, இல்லன்னா என்ன பண்ணுனீங்கன்னு நடந்ததை மட்டும் கேளுங்க. நடந்தது ஞாபகம் இருக்கும், காரணம்தான் கேட்டப்புறம் தோணும். முடிஞ்சா அடுக்களையில எந்த பாக்கெட் இருக்குன்னு பார்த்துட்டு வாங்க, சொல்றதை விட இருக்கறது நம்பகமானது. கடலூர்ல ஆரம்பிச்ச சிக் ஷாம்பூ காலி சாஷே அஞ்சு கொண்டு வந்தா ஒரு சிக் சாஷே சும்மான்னு ஒரு ஸ்கீம் விட்டாங்க, முதல்ல எந்த பிராண்ட் காலி சாஷேவும் வாங்கிக்கிட்டாங்க. ஜனங்க கையில கொண்டு வர்ற காலி கவரு அவங்க நெஜமா எதை தேய்க்கறாங்கன்னு சொல்லிரும், ஒரு கேள்வி கேக்க வேண்டாம். அதை மாதிரி காலி காபி பாக்கெட்டுக்கு உங்க 50 கிராம் பாக்கெட் ஒண்ணு குடுத்து பாருங்க, எந்த தெருவுல எது ஓடுதுன்னு சாக்குலயே தெரிஞ்சிரும்.

இதுக்கப்புறமும் லைன்தான் காரணம்னு தோணுச்சுன்னா முழுசா நம்பிராம சோதிச்சு பாருங்க. சேல்ஸ் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்து ஒரே மாதிரி விழுந்த ரெண்டு ரூட்டை எடுங்க. ஒண்ணுக்கு ஒரு ஆளை போட்டு வாரா வாரம் போக சொல்லுங்க, பழைய பாக்கெட் எல்லாம் திரும்ப எடுத்திரட்டும். இன்னொண்ணை இப்போ இருக்கற மாதிரியே விடுங்க. விலை, கலவை, பாக்கெட் எதையும் ரெண்டு மாசத்துக்கு தொடாதீங்க, கூட ஒண்ணை மாத்தினாலும் எதனால ஏறுச்சுன்னு தெரியாம போயிரும். எந்த ரூட்டுக்கு ஆள்னு உங்களுக்கு பிடிச்ச கடைக்காரங்க இருக்கற பக்கமா பார்த்து முடிவு பண்ணாதீங்க, சீட்டு குலுக்கி போடுங்க. ஆள் போற ரூட் ஏறி மத்தது அப்படியே கிடந்தா உங்களுக்கு விடை கிடைச்சிருச்சு, ரெண்டும் சேர்ந்து ஏறினா அது சீசன். ரெண்டும் ஏறலன்னா ஒரு ஆளோட ரெண்டு மாச சம்பளத்தோட தெரிஞ்சுக்கிட்டீங்க, 7 லட்சத்தை விட அது எவ்வளவோ கம்மி.

ஏஜென்சிகிட்ட சண்டை போட வேண்டாம். ஸ்டால் போட்ட அன்னைக்கு எந்த தேதி பாக்கெட்ல இருந்து காபி போட்டாங்க, கப்பு குடுத்த வரிசை என்ன, அந்த 80 பேர்ல எத்தனை பேர் முன்னாடி உங்க பவுடர் வாங்கிட்டு இருந்தவங்க, இந்த மூணையும் மட்டும் எழுதி கேளுங்க. ஒழுங்கா பதில் வந்தா அவங்களோட அடுத்து பேசலாம். பில் புக் கணக்கை பிரிச்சதும் எனக்கு அனுப்புங்க தம்பி, கவுண்டர் கிலோ, லைன் கிலோ, போன வருஷம் ஜனவரியில இருந்து.